மாறும் ஒளியும் மறைந்த கருவும்

வானம் என்றும் மாறாத இயல்புடையது என்பது பண்டைய கிரேக்க அறிஞர் கொண்டிருந்த கொள்கையாகும். திங்களுக்கு மேலேயுள்ள உலகிலே தோற்றமும் இல்லை, அழிவும் இல்லை என்று அரித்தோட்டில் வகுத்த நெறியை ஐரோப்பா நெடுங்காலம் போற்றி வந்தது. 1572 ஆம் ஆண்டில் காசியோப்பியா என்னும் மீன்கூட்டத்திலே அதுவரை எவரும் காணாத விண்மீனொன்று பகலிலும் புலப்படும் அளவுக்குச் சுடர்விட்டெழுந்து, பின்னர் சிறிது சிறிதாக மங்கி மறைந்தது. தென்மார்க்கு நாட்டுத் தைக்கோ பிராகி அதனை நுணுகி அளந்து, அது திங்களுக்கு அப்பாற்பட்டதே என்று நிறுவினார். 1596 ஆம் ஆண்டில் தாவீது பபிரிசியசு என்னும் சமயகுரு, திமிங்கில மீன்கூட்டத்திலுள்ள விண்மீனொன்று ஒளி குன்றி மறைவதைக் கண்டார். வானத்திலும் மாறுதல் உண்டு என்னும் உண்மை இவ்வாறு வேரூன்றியது.

அக்காலத்தில் வியப்பாகத் தோன்றிய ஒளிமாற்றம், பிற்காலத்தில் ஆராய்ச்சிக்குரிய கருவியாயிற்று. இன்று, மிக மங்கலாகத் தோன்றும் விண்மீன் திரள்களின் நடுவே மறைந்து கிடக்கும் பெருங் கருந்துளைகளை, அத்திரள்களின் ஒளி ஏறுவதையும் இறங்குவதையும் கொண்டே வானியலார் கண்டுபிடிக்கின்றனர். இம்முறை ஒரே நாளில் தோன்றியதன்று. ஒருவருடைய மதியினால் மட்டும் பிறந்ததுமன்று. எதற்குப் பயன்படும் என்று அறியாமலே இரவுதோறும் வானத்தைப் படம்பிடித்துப் பேணி வைத்தவர்களின் உழைப்பு, இம்முறையின் வரலாற்றுக்கு அடித்தளமாய் அமைந்திருக்கின்றது.

அமெரிக்காவிலே மசச்சூசெற்சு மாநிலத்துக் கேம்பிறிச்சு நகரில் ஹாவாட் கல்லூரி வானவதான நிலையம் அமைந்துள்ளது. 1877 முதல் 1919 வரை அதன் பணிப்பாளராக விளங்கியவர் எட்வேட் பிக்கறிங் என்பவர். வானம் முழுவதையும் திரும்பத் திரும்பக் கண்ணாடித் தட்டுக்களிற் படம்பிடித்து வைக்க வேண்டும் என்பது அவருடைய பெருநோக்கம். வடவானத்துக்குக் கேம்பிறிச்சும், தென்வானத்துக்குப் பெரு நாட்டிலுள்ள அரெக்கிப்பாவும் நிலையங்களாயின. 1927 ஆம் ஆண்டில் தென்னிலையம் தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. இவ்வாறு நூறாண்டளவிற் சேர்ந்த தட்டுக்கள் ஐந்து இலட்சத்துக்கும் அதிகம். ஒவ்வொரு தட்டிலும் விண்மீன்கள் கரும்புள்ளிகளாகப் பதிந்திருக்கும். புள்ளி பெரிதாயின் ஒளி மிகுதி. சிறிதாயின் ஒளி குறைவு. ஒரே இடத்தை வெவ்வேறு இரவுகளிற் பதித்த தட்டுக்களை ஒப்பிட்டு நோக்கின், எந்த விண்மீன் மாறியது என்பது தெரியவரும்.

இத்தட்டுக்களை ஆராய்ந்தோருட் பெரும்பாலோர் பெண்கள். குறைந்த ஊதியத்தில், உருப்பெருக்குங் கண்ணாடியைக் கையிற் கொண்டு, நாள் முழுவதும் புள்ளிகளை ஒப்பிட்டு வந்தனர். அவர்களுள் ஒருவராகிய என்றியெற்றா லெவிற், மகெல்லன் முகில்களில் 1,777 மாறுமீன்களைக் கண்டு 1908 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில மாறுமீன்களின் காலவட்டத்துக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பை அவர் கண்டமையாலேயே விண்மீன் திரள்களின் தொலைவை அளத்தல் இயலுவதாயிற்று. யேர்மனியிலே சொன்னபேர்க்கு என்னும் சிற்றூரில் கூனோ ஒப்மைசுற்றர் என்பாரும் இத்தகைய தட்டுத் தொகுதியொன்றை வளர்த்து வந்தார். 1929 ஆம் ஆண்டில் அவர் பல்லி மீன்கூட்டத்தில் மாறுமீன் ஒன்றைக் கண்டு பட்டியலிற் சேர்த்தார். பி. எல். இலசேட்டே என்று அதற்குப் பெயரிடப்பட்டது. மாறுமீன்கள் பலவற்றுள் இதுவும் ஒன்று என்றே நாற்பதாண்டளவு கருதப்பட்டது.

மற்றொரு திசையில், விண்மீன் திரள்களின் நடுப்பகுதியைப் பற்றிய ஆராய்ச்சியும் மெல்ல நடைபெற்று வந்தது. 1908 ஆம் ஆண்டில் கலிபோணியாவிலுள்ள இலிக்கு வானவதான நிலையத்தில் எட்வேட் பாத் என்பவர் சுருள் வடிவான முகில்களின் நிறமாலைகளைப் பதிவு செய்தார். அக்காலத்தில் அவை தனித்தனி விண்மீன் திரள்கள் என்பது முடிவாகவில்லை. புதிய பொதுப் பட்டியலில் 1068 என்னும் எண்ணைப் பெற்ற முகிலின் நிறமாலையில் மட்டும், மற்றவற்றிற் காணப்படாத ஒளிக்கோடுகள் விளங்கின. விண்மீன்களின் கூட்டம் இத்தகைய கோடுகளைத் தருவதில்லை. சூடேறிய வாயுவே தரும். பின்னர் வெசுற்றோ சிலைபர் அதே முகிலை ஆராய்ந்து, அக்கோடுகள் வழக்கத்துக்கு மாறாக அகன்றிருத்தலைக் கண்டார்.

1943 ஆம் ஆண்டில் கால் சீபேட் என்னும் இளம் வானியலார், இத்தகைய ஒளிக்கோடுகளையுடைய ஆறு திரள்களை விரிவாக ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். அவற்றின் நடுவே விண்மீன் போன்ற சிறு ஒளிப்புள்ளி ஒன்று இருந்தது. கோடுகளின் அகலத்தைக் கொண்டு கணித்தபோது, அங்குள்ள வாயு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வேகத்தில் அலைகின்றது என்பது புலனாயிற்று. அவ்வாண்டு உலகப் போரின் நடுவாண்டு. அக்கட்டுரை பலருடைய கவனத்தையும் பெறவில்லை. 1960 ஆம் ஆண்டில் மோட்டார் விபத்தொன்றிற் சீபேட் உயிர் நீத்தார். அவருடைய பெயராற் சீபேட் திரள்கள் என்னும் ஓர் இனமே வழங்கப் போகின்றது என்பதை அவர் அறியாமலே மறைந்தார்.

இதற்கிடையில் ஹாவாட்டில் ஒரு நிகழ்ச்சி நேர்ந்தது. 1953 ஆம் ஆண்டில், பணிப்பாளர் தொனால்ட் மென்செல் காலத்தில், வானத்தைத் தொடர்ந்து படம்பிடிக்கும் பணி நிறுத்தப்பட்டது. பொருள் முட்டுப்பாடே அதற்குக் காரணம். அறுபதுகளின் இறுதியளவில் அப்பணி மீண்டும் தொடங்கும் வரையுள்ள காலத்தை வானியலார் மென்செல் இடைவெளி என்றே இன்றும் குறிப்பிடுவர். எழுபதாண்டுகளாகத் தொடர்ந்த கோவை அறுந்தது. அறுந்த காலத்திலேதான், அக்கோவையின் பெறுமதியை உலகுக்கு உணர்த்தப் போகும் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது.

உலகப் போருக்குப் பின்னர் வளர்ந்த வானொலி வானியல், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் பிறப்பிடங்களைப் பட்டியலிட்டது. பிறித்தானியாவின் கேம்பிறிச்சுப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மூன்றாம் பட்டியலில் 48 ஆம் இடமாகக் குறிக்கப்பட்ட பொருளை, 1960 ஆம் ஆண்டில் தோமசு மத்தியூசும் அலன் சாண்டேசும் வானத்தில் இனங்கண்டனர். அது விண்மீன் போலவே தோன்றியது; ஆனால், அதன் நிறமாலையிலுள்ள கோடுகள் எந்த மூலகத்துக்கு உரியவை என்று எவராலும் கூற இயலவில்லை. அதன் ஒளி மாறுவதையும் அவர்கள் அளந்து கண்டனர். மாறும் இயல்பு, அது நமது பால்வீதியைச் சேர்ந்த ஒரு விண்மீனே என்னும் எண்ணத்துக்கு வலுவூட்டியது. கோடிக்கணக்கான விண்மீன்கள் சேர்ந்த ஒரு திரள் ஓராண்டுக்குள் ஒளி மாறுதல் எங்ஙனம் என்று எவரும் ஐயுறுதல் இயல்பே.

1962 ஆம் ஆண்டில் அதே பட்டியலின் 273 ஆம் பொருளைத் திங்கள் மறைத்துச் சென்றது. அவுஸ்திரேலியாவிலுள்ள பாக்சு வானொலித் தொலைகாட்டியைக் கொண்டு சிரில் அசாட் முதலியோர் அலைகள் நின்ற கணத்தையும் மீண்ட கணத்தையும் அளந்து, அப்பொருளின் இடத்தைத் திட்டமாகக் கூறினர். கலிபோணியாவிற் பணியாற்றிய ஒல்லாந்தராகிய மார்ட்டன் சிமிது அதன் நிறமாலையை ஆராய்ந்தார். 1963 ஆம் ஆண்டு பெப்பிரவரித் திங்களில், அக்கோடுகள் ஐதரசனுக்குரிய கோடுகளே என்பதும், அவை நூற்றுக்கு 16 பங்களவு சிவப்பு நோக்கிப் பெயர்ந்துள்ளன என்பதும் அவருக்குப் புலனாயின. அப்பெயர்ச்சியைக் கொண்டு கணித்தால் அப்பொருள் 200 கோடி ஒளியாண்டுகளுக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. அத்துணைத் தொலைவிலிருந்தும் சிறு தொலைகாட்டியிற் புலப்படுமாயின், அது ஒரு முழு விண்மீன் திரளிலும் பன்மடங்கு ஒளியுடையதாதல் வேண்டும். குவாசர் என்று இப்போது வழங்கும் பொருள்களின் தன்மை இவ்வாறு வெளியாயிற்று.

இவ்விடத்திற் பழைய தட்டுக்கள் பேசத் தொடங்கின. அப்பொருள் போதிய ஒளியுடையது; ஆகவே, எவரும் அதனை அறியாத காலத்திலும் ஹாவாட் தட்டுக்களில் ஒரு சிறு கரும்புள்ளியாக அது பதிந்தே இருந்தது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் சிமித்தும் தொரித் ஒப்லைற்றும் அத்தட்டுக்களை எடுத்து ஆராய்ந்தனர். ஒப்லைற் அம்மையார் ஹாவாட்டிலே பல்லாண்டு பணியாற்றி, 1956 ஆம் ஆண்டில் யேலுக்குச் சென்றவர். மாறுமீன் ஆராய்ச்சியிற் பழுத்த அனுபவம் உடையவர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதி முதலாகப் பதிந்த புள்ளிகளை அயலிலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டபோது, 273 ஆம் பொருளின் ஒளி நிலையாக இருக்கவில்லை என்பது தெளிவாயிற்று. பல ஆண்டுகளில் மெல்ல நிகழும் மாறுதலும், அதன்மேற் குறுகிய காலத்திலே தோன்றி மறையும் மாறுதலும் காணப்பட்டன. 1963 ஆம் ஆண்டிலேயே அவர்கள் இதனை வெளியிட்டனர். அதே ஆண்டில் சோவியத்து நாட்டவராகிய சாரோவும் எபிரேமோவும் மொஸ்கோவிலுள்ள தட்டுக்களைக் கொண்டு தாமாகவே இம்முடிவுக்கு வந்தனர்.

இம்முடிவின் சிறப்பு யாதெனில், அது பொருளின் பருமையை அளந்து தந்தமையாகும். ஓர் ஊர்வலத்தின் முன்னணியில் இருப்பவருக்குக் கூறிய செய்தி கடைசியில் நிற்பவரைச் சென்றடையச் சிறிது காலம் ஆகும். அதுபோல, ஒரு பொருளின் ஒரு பக்கத்தில் நிகழும் மாறுதல் மறுபக்கத்தை அடைய வேண்டுமாயின், ஒளியின் வேகத்திலும் விரைந்து செல்ல வழியில்லை. ஆதலின் ஒரு திங்களுக்குள் ஒளி முழுவதும் மாறும் பொருளின் அகலம், ஒளி ஒரு திங்களிற் செல்லும் தொலைவுக்கு மேற்படுதல் அரிது. அத்தொலைவு ஏறத்தாழ 78,000 கோடி கிலோமீற்றர். கேட்பதற்கு அது பெரிய தொகையே. ஆயினும், ஞாயிற்றுக்கு மிக அண்மையிலுள்ள விண்மீனின் தொலைவில் அது ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு விண்மீன் திரளின் அகலமோ பல்லாயிரம் ஒளியாண்டுகள். திரள் முழுவதையும் வெல்லும் ஒளி, ஞாயிற்றுக்கும் அடுத்த விண்மீனுக்கும் இடைப்பட்ட வெளியின் ஒரு மூலையில் அடங்கும் சிறு இடத்திலிருந்து பிறக்கின்றது என்பதே தட்டுக்கள் கூறிய செய்தி.

அவ்வளவு சிறிய இடத்தில் அவ்வளவு ஒளி பிறப்பதற்கு விண்மீன்களின் அணுக்கருச் சேர்க்கை போதாது. 1964 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வின் சல்பீற்றரும், சோவியத்து நாட்டில் யாகோவ் செல்தோவிச்சும், பெருந் திணிவுடைய சுருங்கிய பொருளொன்றில் வாயு விழும்போது வெளிப்படும் ஆற்றலே இதற்குக் காரணமாகலாம் என்று தனித்தனியே கூறினர். ஐதரசன் ஈலியமாக மாறும்போது அதன் திணிவில் நூற்றுக்கு ஒரு பங்கேனும் ஆற்றலாவதில்லை. கருந்துளையிற் சுழன்று விழும் வாயுவோ நூற்றுக்குப் பத்துப் பங்களவு ஆற்றலைத் தர வல்லது. 1969 ஆம் ஆண்டில் தொனால்ட் இலிண்டன்-பெல், பழைய குவாசர்கள் அவிந்து எஞ்சிய கருந்துளைகள் அயலிலுள்ள திரள்களின் நடுவிலும் இருத்தல் வேண்டும் என்று எழுதினார். விழும் வாயு ஒரே சீராக விழுவதில்லை. சுழலும் தட்டமாகத் திரண்டு, கொந்தளித்து, சில வேளை மிகுதியாகவும் சில வேளை குறைவாகவும் உட்செல்கின்றது. ஒளி ஏறி இறங்குவதும் அதனாலேயே.

இக்கொள்கை பரவிய காலத்திலேயே முன்னர்த் தனித்தனியாகக் கிடந்த செய்திகள் ஒன்றோடொன்று இணைந்தன. சீபேட் ஆராய்ந்த ஆறனுள் ஒன்றாகிய 4151 ஆம் எண் திரளின் நடுப்பகுதி ஒளி மாறுகின்றது என்று 1967 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. ஒப்மைசுற்றர் மாறுமீன் என்று பதிவு செய்த பி. எல். இலசேட்டே, வானொலி அலைகளைச் சொரியும் இடமொன்றோடு ஒன்றுபட்டது என்பதை 1968 ஆம் ஆண்டில் யோன் சிமிற் காட்டினார். அது விண்மீனே அன்று. தொலைவிலுள்ள திரளொன்றின் சுடரும் கரு. குவாசரும் சீபேட் திரளும் இலசேட்டேயும் அளவாலும் தோற்றத்தாலும் வேறுபட்டனவேனும், மூலத்தால் ஓரினத்தன என்னும் எண்ணம் வலுப்பெற்றது. நடுவிலுள்ள கருந்துளை வாயுவை உண்டு ஒளி விடுகின்ற நிலையிலே, அதனைச் செயற்படு கரு எனலாம்.

அதுவரையும் வானியலார் முதலிற் குவாசரைக் கண்டு, பின்னர் அதன் ஒளி மாறுவதை அளந்தனர். எழுபதுகளில் இவ்வொழுங்கு தலைகீழாயிற்று. மாறுகின்றவற்றை முதலிற் பொறுக்கியெடுத்து, அவற்றுள்ளே கருக்களைத் தேடினால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1973 ஆம் ஆண்டளவில் சிட்னி வான் தென் பேர்க்கு முதலியோர் இம்முயற்சியைத் தொடங்கினர். வானொலி அலை வீசும் கருக்கள் மிகச் சிலவே. நீல நிறத்தைக் கொண்டு தேடினால், விண்மீன்களின் ஒளியில் அமிழ்ந்த மெல்லிய கருக்கள் தப்பிவிடும். ஒளிமாற்றமோ கருவின் இயல்பிலேயே ஊன்றியது. திரளிலுள்ள கோடிக்கணக்கான விண்மீன்களிற் சில மாறினும், அவற்றின் ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று ஈடுசெய்து மறைந்துவிடும். நடுவிடம் மட்டும் திரும்பத் திரும்ப ஒளி மாறுமாயின், அங்கே விண்மீன் அல்லாத ஒன்று இருத்தல் வேண்டும்.

இத்தேடலுக்குரிய சிறந்த களங்களுள் ஒன்று, 57 ஆம் தேர்ந்த பகுதி எனப்படும் வானத்துண்டாகும். ஒல்லாந்து நாட்டு யக்கோபசு கப்தைன் 1906 ஆம் ஆண்டில் வானத்தில் 206 சிறு பகுதிகளைத் தேர்ந்து, உலக நாடுகளின் வானவதான நிலையங்கள் யாவும் அவற்றை ஒருங்கே ஆராய வேண்டும் என்று வேண்டினார். அவருடைய நோக்கம் பால்வீதியின் அமைப்பை அறிதலே. அவற்றுள் 57 ஆவது, பால்வீதியின் தூசு குறைந்த வட முனையை அடுத்து இருந்தமையால், பிற்காலத்தில் தொலைவிலுள்ள திரள்களை நோக்குவதற்கு மிக வாய்ப்பான பலகணியாயிற்று. அரிசோனாவிலுள்ள கிற் சிகரத்தின் 4 மீற்றர்த் தொலைகாட்டி, எழுபதுகளின் நடுப்பகுதி முதற் பல்லாண்டுகளாக அப்பகுதியைத் தட்டுக்களிற் பதித்தது. ரிச்சட் குரோனும் அவரைச் சார்ந்தோரும் அத்தட்டுக்களை ஒப்பிட்டு, இடம் பெயராது ஒளி மட்டும் மாறும் புள்ளிகளைக் குவாசர்கள் என்று இனங்கண்டனர். பால்வீதியின் விண்மீன்கள் காலப்போக்கில் வானத்திற் சிறிதளவு இடம் பெயரும், குவாசர்கள் பெயரா. 1998 ஆம் ஆண்டில் மத்தியூ பேர்சாடி, தாரியோ திரேவேசே, குரோன் ஆகிய மூவரும் புள்ளிகளோடு அமையாது, மங்கலாக விரிந்து தோன்றும் திரள்களிலும் ஒளிமாற்றத்தைத் தேடி, செயற்படு கருக்கள் அங்கும் ஒளிந்திருத்தலைக் காட்டினர்.

இவ்வேலை எளியதன்று. நடுவட்டத்தின் ஒளியை 100 பங்கு எனக் கொள்வோமாயின், அதிற் கருவுக்கு உரியது 5 பங்கே என்று வைத்துக்கொண்டால், கரு தன் ஒளியை இருமடங்கு ஆக்கினாலும் மொத்த ஒளி 105 ஆக மட்டுமே உயரும். கரு பெரும்பாலும் இருமடங்காக மாறுவதில்லை. பத்தில் ஒரு பங்களவு மாறுதலே பொதுவாக நிகழும். அந்நிலையில் மொத்த ஒளியின் மாறுதல் 200 இல் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். மேலும், பூமியின் வளிமண்டலம் ஓரிரவு தெளிவாகவும் மற்றோரிரவு கலங்கியும் இருக்கும். கலங்கிய இரவில் திரளின் ஒளி பரந்து நடுவட்டத்துக்கு வெளியே சிந்துவதால், மாறாத திரளும் மாறியது போலத் தோன்றும். ஆகவே தெளிந்த படத்தையும் கலங்கிய படத்தின் அளவுக்கு மங்கச் செய்து, பின்னர் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தல் வேண்டும். கழித்து எஞ்சுவது திரளின் நடுவில் விழும் ஒரு புள்ளியாயின், அது கருவாக இருக்கலாம். வெடித்தழியும் விண்மீனும் அவ்வாறு தோன்றக்கூடும். எனினும் அது ஒருமுறை சுடர்விட்டுச் சில திங்களில் மங்கிவிடும். கருவோ ஒழுங்கின்றி ஏறியும் இறங்கியும் ஆண்டாண்டாகத் தொடரும். இவ்வேறுபாட்டைக் காண்பதற்கு இரண்டு படம் போதாது. பல படமும் நெடுங்காலமும் வேண்டும்.

வளிமண்டலத்தின் தொல்லை அபுள் விண்வெளித் தொலைகாட்டிக்கு இல்லை. 1995 ஆம் ஆண்டு திசெம்பர்த் திங்களிற் பத்து நாட்களாக அது பெருங்கரடி மீன்கூட்டத்திலுள்ள ஒரு சிறு வெற்றிடத்தையே நோக்கி நின்றது. வெறுமையாகத் தோன்றிய அவ்விடத்தில் ஏறத்தாழ 3,000 திரள்கள் புலனாயின. 1997 ஆம் ஆண்டில் வெடிக்கும் விண்மீன்களைத் தேடும் பொருட்டு அதே இடம் மீண்டும் படமாக்கப்பட்டது. விக்கி சரசெதினி, ரொனால்ட் கில்லிலண்ட் முதலியோர் அவ்விரு படங்களையும் ஒப்பிட்டு, ஒளி மாறிய நடுப்பகுதியையுடைய திரள்கள் சிலவற்றைக் கண்டு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றின் மாறுதல் சிறிது, தொலைவோ பெரிது. வேறொரு நோக்கத்துக்காக எடுத்த படம் கருத்தேடலுக்கு உதவியமை இங்கும் நோக்கற்பாலது.

அண்மைக்கால ஆராய்ச்சி, சிறு திரள்களின்பால் திரும்பியுள்ளது. நியூ மெக்சிக்கோவிலுள்ள சுலோன் அளவீட்டுத் தொலைகாட்டி, வான நடுக்கோட்டை ஒட்டிய நீண்ட கீற்று ஒன்றை 1998 முதல் 2007 வரை பன்முறை படம்பிடித்தது. விவியன் பல்தசாரே, மார்லா கேகா, யெனி கிறீன் என்னும் அறிஞர் மூவரும் அப்படங்களைக் கொண்டு அயலிலுள்ள ஏறத்தாழ 28,000 திரள்களின் நடுவொளியைத் தொடர்ந்து அளந்தனர். 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்விலே 135 திரள்கள் கருக்களுக்குரிய வகையில் ஒளி மாறுவதாகத் தெரிந்தது. அவற்றுட் சில, பால்வீதியிலும் பன்மடங்கு சிறிய திரள்கள். இளம் விண்மீன்கள் மலிந்த சிறு திரளில், அவ்விண்மீன்களால் ஒளிரும் வாயுவின் கோடுகள் கருவின் கோடுகளை மூடிவிடுகின்றன. நிறமாலையை மட்டும் நம்பினால் அத்தகைய திரளிற் கருவே இல்லை என்று கூறநேரும். ஒளிமாற்றமோ அம்மூடியைத் திறந்து காட்டுகின்றது.

சிறு திரள்களின் கருந்துளைகளைக் காண்பதால் ஆகும் பயன் பெரிது. பெருந் திரள்களின் நடுவிலே ஞாயிற்றைப் போல இலட்சக்கணக்கான மடங்கு முதற் பல நூறு கோடி மடங்கு வரை திணிவுடைய கருந்துளைகள் உள்ளன. அவை தோன்றிய விதம் இன்னும் தீராத வினாவாகும். ஆதிக்காலத்து விண்மீன்கள் அழிந்து எஞ்சிய சிறு வித்துக்கள் மெல்ல வளர்ந்தன என்பர் ஒரு சாரார். பெரிய வாயு முகில்கள் விண்மீனாகாமலே நேரே சுருங்கிப் பெரு வித்துக்களாயின என்பர் மற்றொரு சாரார். பெருந் திரள்கள் பலவற்றை விழுங்கி வளர்ந்தமையால், அவற்றின் கருந்துளைகளிலே பிறப்பின் அடையாளம் அழிந்துபோயிற்று. சிறு திரள்கள் அவ்வளவு வளராதவை. அவற்றிற் பழைய நிலை ஓரளவு பேணப்பட்டிருத்தல் கூடும். சிறு திரள்களுட் பெரும்பாலானவற்றிற் கருந்துளை உண்டா, சிலவற்றில் மட்டுமே உண்டா என்னும் கணக்கு, இவ்விரு கொள்கைகளுள் எது பொருந்தும் என்பதை ஆராய உதவும். உண்ணாது அடங்கிக் கிடக்கும் கருந்துளையை ஒளிமாற்றம் காட்டாது என்பது உண்மை. ஆகவே இம்முறை ஒரு கீழெல்லையைத் தரும். முழுத் தொகையைத் தராது.

சில்லி நாட்டு மலையொன்றில் அமைந்த வேரா ரூபின் வானவதான நிலையம் தன் முதற் படங்களை 2025 ஆம் ஆண்டு யூன் திங்களில் வெளியிட்டது. அதன் தொலைகாட்டியின் ஆடி 8.4 மீற்றர் அகலமுடையது. தென்வானம் முழுவதையும் சில இரவுகளுக்கு ஒருமுறையாகப் பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் படம்பிடித்தல் அதன் திட்டம். பிக்கறிங் கண்ணாடித் தட்டிற் செய்ய விரும்பியதை, இந்நிலையம் இலத்திரன் கருவிகளாற் செய்கின்றது என்று கூறலாம்.

ஆயினும், புதிய கருவி எத்துணை வலிமையுடையதாயினும், கழிந்துபோன இரவை அது மீட்டுத் தர வல்லதன்று. 1900 ஆம் ஆண்டில் ஒரு குவாசர் எவ்வளவு ஒளியோடு இருந்தது என்பதைக் கூற வல்லவை அக்காலத்துத் தட்டுக்களே. 2016 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஹாவாட் தட்டுக் களஞ்சியத்தை அடுத்த நீர்க்குழாய் வெடித்து, ஏறத்தாழ 61,000 தட்டுக்கள் நீரில் மூழ்கின. அவற்றை உடனே உறைநிலையில் வைத்து, பின்னர் ஒவ்வொன்றாக உலர்த்தித் துடைத்து மீட்க வேண்டியதாயிற்று. நூற்றாண்டு பழமையான கண்ணாடிக்கு இத்துணைப் பாடுபட்டமை, அவை மீண்டும் எடுக்க இயலாதவை என்பதை உணர்ந்தமையாலேயாம். அத்தொகுதியை எண்முறைப் படங்களாக மாற்றும் பெரும் பணியும் நடைபெற்று, உலகில் எங்கிருந்தும் அவற்றை ஆராயும் வசதி உண்டாகியுள்ளது.

அரெக்கிப்பா மலையில் நள்ளிரவிலே தட்டைச் செருகியவர் குவாசரை அறியார், கருந்துளையையும் அறியார். கேம்பிறிச்சில் உருப்பெருக்குங் கண்ணாடியோடு அமர்ந்திருந்த பெண்களும் அறியார். தாம் அறியாத ஒன்றுக்குச் சான்று தம் கையிலே உள்ளது என்பதையும் அவர்கள் உணரவில்லை. அவர்கள் செய்தது, தேதியையும் நேரத்தையும் பிழையின்றி எழுதி, தட்டை அதற்குரிய உறையில் இட்டு வைத்ததே. 1953 ஆம் ஆண்டில் அப்பணி நின்றமையால் இழந்த இரவுகள் இன்றும் அக்கோவையில் வெற்றிடமாகவே இருக்கின்றன. அவ்விரவுகளில் எத்தனை கருக்கள் சுடர்விட்டு அடங்கின என்பதை ஹாவாட் தட்டுக்களிலிருந்து இனி எவரும் அறிய இயலாது. பேணப்பட்ட இரவுகளோ, பேணியவர் மறைந்த பின்னரும் புதிய வினாக்களுக்கு விடை கூறிக்கொண்டே இருக்கின்றன.